ஸ்டீயரிங்குக்குள் ஒரு வெடிமருந்துக் கிடங்கு: ஏர்பேக் வந்த கதையும், அதைக் கழற்றும் முறையும்

செஞ்சி என்றவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ராஜா தேசிங்கும் அவருடைய குதிரையும்தான். அதற்கு அடுத்தது கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் மதில்களால் இணைத்துக் கட்டிய கோட்டை இது. 2025 ஜூலையில் மராட்டியர் காலத்து 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சிதான்.

இந்தக் கோட்டையின் வரலாற்றில் இரண்டு முற்றுகைகள் முக்கியமானவை. முதலாவது முற்றுகையில் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690ல் வந்து உட்கார்ந்தார். கோட்டை அவர் கைக்கு வந்தது 1698ல். எட்டு ஆண்டுகள்! இரண்டாவது 1750 செப்டம்பரில் நடந்தது. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்துவிட்டார். அந்த இரவில் பிரெஞ்சுக்காரர்கள் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று, வெடிமருந்தை இறுக்கி அடைத்த உலோகக் கலம். அதைக் கதவோடு சேர்த்துப் பொருத்தித் திரி கொளுத்தினால் கதவு சிதறிவிடும். மருந்து கொஞ்சம்தான். ஆனால் சரியான இடத்தில், சரியான நேரத்தில் வெடித்தால் அது போதும்.

அதே தத்துவம்தான் இன்று அந்தக் கோட்டை அடிவாரத்தில், திண்டிவனம் - திருவண்ணாமலை சாலையில் ஓடும் கார்களின் ஸ்டீயரிங்குக்குள் இருக்கிறது. ஏர்பேக் என்று நாம் அழைப்பது வெறும் காற்றுப்பை அல்ல. அதற்குள் சில பத்து கிராம் எரிமருந்து இருக்கிறது. விபத்தில் அது உயிரைக் காக்கும். ஆனால் அந்த ஸ்டீயரிங்கைக் கழற்றத் தெரியாமல் கழற்றும் மெக்கானிக்குக்கு? அதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

ஒரு நட்டு, ஒரு சுத்தியல்

இந்தியச் சாலைகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் அரசாண்ட கார் அம்பாசிடர். 1957 முதல் 2014 வரை அது தயாரானது. அதன் ஸ்டீயரிங்கைக் கழற்றுவது மிக எளிது. நடுவில் இருக்கும் ஹாரன் பகுதியை எடுத்தால் உள்ளே ஒரு பெரிய நட்டு தெரியும். ஸ்பேனர் போட்டு அதைத் தளர்த்த வேண்டும். வருடக்கணக்கில் இறுகிப் போயிருந்தால் சீட்டில் உட்கார்ந்து இரண்டு முழங்கால்களாலும் வளையத்தை மேலே தள்ளியபடி, தண்டின் நுனியில் சுத்தியலால் ஒரு தட்டு. வந்துவிடும்.

நம் ஊர்ப் பட்டறைகளில் தொழில் பழக வரும் பையன்கள் கற்றுக்கொண்டது இப்படித்தான். புத்தகம் கிடையாது, வகுப்பு கிடையாது. மேஸ்திரி செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கை பழகும். அந்தப் பழக்கத்தில் இரண்டு விஷயங்கள் ஊறிப்போயின. ஒன்று, முகத்தை ஸ்டீயரிங்குக்கு நேராக வைத்து வேலை செய்வது. மற்றொன்று, வராவிட்டால் சுத்தியலை எடுப்பது. அம்பாசிடருக்கு இரண்டும் சரி. இன்றைய காருக்கு இரண்டும் ஆபத்து.

ஈட்டியாக மாறிய தண்டு

அந்தக் காலத்து ஸ்டீயரிங்கைக் கழற்றுவதில் ஆபத்து இல்லைதான். ஆனால் அதை ஓட்டுவதில் இருந்தது. பழைய கார்களில் ஸ்டீயரிங் தண்டு ஒரே நீள இரும்புக் கம்பி. நேருக்கு நேர் மோதினால் முன்பக்கம் நசுங்கி, அந்தத் தண்டு பின்னோக்கி வந்து ஓட்டுநரின் மார்பில் ஈட்டி போலப் பாயும். மோதலில் பிழைக்க வேண்டியவர்கள் கூட இதனால் இறந்தார்கள்.

இதற்கு முதல் விடையாக வந்தது மடங்கும் தண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல் கார்களில் இதைக் கொண்டுவந்தது. மோதும்போது தண்டு தொலைநோக்கியைப் போல ஒன்றுக்குள் ஒன்று சுருங்கி, வேகத்தை வாங்கிக்கொள்ளும். அன்றிலிருந்தே சுத்தியலின் காலம் முடியத் தொடங்கியது. மடங்குவதற்கென்றே செய்த தண்டின் நுனியில் ஓங்கி அடித்தால் அது பட்டறையிலேயே மடங்கத் தொடங்கிவிடும். வெளியில் தெரியாது. உண்மையான விபத்தில்தான் தெரியும்!

டார்பிடோ தந்த யோசனை

ஏர்பேக்கின் தந்தை என்று சொல்லப்படுபவர் அமெரிக்கரான ஜான் ஹெட்ரிக். 1952ல் ஒருநாள் மனைவியையும் சிறிய மகளையும் முன்சீட்டில் அமர்த்திக் காரை ஓட்டிச் சென்றார். சாலையில் கிடந்த பாறையைத் தவிர்க்கக் காரைத் திருப்பியபோது அது பள்ளத்தில் இறங்கியது. அந்த நொடியில் அவரும் மனைவியும் தங்களை அறியாமல் மகளின் முன்னால் கையை நீட்டித் தடுத்தார்கள். யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்தக் கைகள் செய்த வேலையை ஒரு பொருள் செய்ய முடியாதா என்ற கேள்வி அவர் மனதில் தங்கிவிட்டது.

அப்போது அவருக்கு நினைவு வந்தது இரண்டாம் உலகப்போர் காலத்து நிகழ்ச்சி. அமெரிக்கக் கடற்படையில் டார்பிடோக்களைப் பழுது பார்க்கும் வேலையில் அவர் இருந்தார். ஒருநாள் கித்தான் உறை போர்த்தியிருந்த டார்பிடோ ஒன்று தற்செயலாக இயங்கிவிட்டது. அதிலிருந்த அழுத்தக் காற்று பாய்ந்து, உறை கண்ணிமைக்கும் நேரத்தில் உப்பி மேலே எழும்பியது. இதை வைத்து அவர் ஒரு வடிவமைப்பைத் தயாரித்து, 1953 ஆகஸ்டில் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் வால்டர் லிண்டரருக்கும் இதே போன்ற ஒன்றுக்குக் காப்புரிமை கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏர்பேக் என்ற யோசனை பிறந்தது பழுது பார்க்கும் இடத்தில், எதிர்பாராமல் வெடித்துக் கிளம்பிய ஒரு பொருளிலிருந்து. பழுது பார்ப்பவருக்கு இது என்ன செய்யும் என்பது முதல் நாளே தெரிந்த செய்திதான்!

பாவம், ஹெட்ரிக்குக்கு இதில் பணம் எதுவும் கிடைக்கவில்லை. கார் நிறுவனங்கள் கண்டுகொள்ளவில்லை. ஏர்பேக் சந்தைக்கு வருவதற்கு முன்பே காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது.

காற்று போய் மருந்து வந்தது

ஹெட்ரிக்கின் வடிவமைப்பில் இருந்தது அழுத்தக் காற்று. அதில் ஒரு சிக்கல். மோதல் நடந்து ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் போய் மோத ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. அந்த வேகத்துக்குக் குழாய் வழியாக வரும் காற்று போதவில்லை. மோதலைக் கண்டுபிடித்துச் சொல்லும் கருவியும் அப்போது இல்லை.

1960களின் இறுதியில் இரண்டுக்கும் வழி பிறந்தது. ஆலன் பிரீட் என்ற அமெரிக்கப் பொறியாளர் மோதலை உணரும் மலிவான சென்சாரை உருவாக்கினார். குழாய்க்குள் ஒரு உலோக உருண்டை, அதை ஒரு காந்தம் பிடித்து வைத்திருக்கும். கார் மோதி நின்றால் உருண்டை விடுபட்டு முன்னால் ஓடி மின்சுற்றை இணைக்கும். அவ்வளவுதான். காற்றுக்குப் பதிலாக சோடியம் அசைடு என்ற வேதிப்பொருள் வந்தது. மின்பொறி பட்டவுடன் அது எரிந்து நைட்ரஜன் வாயுவைப் பெருமளவில் வெளியிடும். அந்த வாயுதான் பையை நிரப்புகிறது.

இப்படித்தான் காற்றுப்பைக்குள் எரிமருந்து நுழைந்தது. 1973ல் ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ காரில் ஏர்பேக் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 10,000 கார்களில் இதைப் பொருத்தி விற்றது. வாங்க ஆள் குறைவு என்று நிறுத்திவிட்டது. 1980 இறுதியில் மெர்சிடிஸ் பென்ஸ் தனது எஸ் கிளாஸ் காரில் மீண்டும் கொண்டுவந்தது. பிறகு அமெரிக்கச் சட்டம் 1998 மாடல் கார்கள் முதல் முன்பக்க ஏர்பேக்கைக் கட்டாயமாக்கியது.

முப்பது மில்லி செகண்ட்

மோதல் நடந்ததும் சென்சார் கணினிக்குச் செய்தி அனுப்புகிறது. கணினி "இது குண்டும் குழியும் அல்ல, விபத்துதான்" என்று முடிவு செய்து மின்சாரம் அனுப்புகிறது. மருந்து எரிகிறது. ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் மூடி பிளந்து பை வெளியே வருகிறது. பை வெளிவரும் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை இருக்கும். சுமார் 30 முதல் 50 மில்லி செகண்டுக்குள் அது முழுதாக விரிந்துவிடும். மனிதன் ஒருமுறை கண் சிமிட்ட 100 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிறது. அதாவது, கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்!

இதனால் பிழைத்தவர்கள் ஏராளம். 1987 முதல் 2017 வரை அமெரிக்காவில் மட்டும் 50,457 உயிர்களை முன்பக்க ஏர்பேக் காப்பாற்றியிருக்கிறது என்பது அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு. ஆனால் பை விரியும் பாதையில் மிக அருகில் இருப்பவருக்கு அதே வேகம் அடியாக விழுகிறது. அதனால்தான் ஓட்டுநரின் மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறார்கள். ஸ்டீயரிங்கைக் கழற்றக் குனியும் மெக்கானிக்கின் முகம் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

இந்தியாவுக்கு வந்த கதை

நம் நாட்டில் ஏர்பேக் நீண்ட காலம் விலை உயர்ந்த கார்களின் ஆடம்பரமாகவே இருந்தது. நடுத்தரக் குடும்பங்களின் காரான மாருதி 800 ஏர்பேக் இல்லாமலே வந்து, ஏர்பேக் இல்லாமலே 2014ல் விடைபெற்றது. அதே 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து சிறிய கார்களை மோதிச் சோதித்தது. ஏர்பேக் இல்லாத அந்த ஐந்து கார்களும் பெரியவர்களின் பாதுகாப்பில் பெற்ற நட்சத்திரம் பூஜ்யம். ஆனால் அவற்றில் ஒன்றான போலோவையே இரண்டு ஏர்பேக்குகளோடு சோதித்தபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. விவாதம் சூடுபிடித்தது.

2019 ஜூலை 1 முதல் கார்களில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயமானது. முன்சீட்டில் அருகில் அமர்பவருக்கான ஏர்பேக் 2021 ஏப்ரல் முதல் புதிய மாடல்களிலும், 2022 தொடக்கம் முதல் பழைய மாடல்களிலும் கட்டாயமானது.

இந்தத் தேதிகளுக்கு ஒரு மறைமுகமான பொருள் உண்டு. புதுக் கார் சில ஆண்டுகள் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகும். வாரண்டி முடிந்ததும், அல்லது இரண்டாவது கைக்கு மாறியதும், அது வருவது சாலையோரப் பட்டறைக்குத்தான். 2019ல் வாங்கிய கார்கள் இப்போது அந்த வயதை அடைந்துவிட்டன. அதாவது ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங் செஞ்சி போன்ற ஊர்களின் பட்டறைக்கு அன்றாடம் வரும் காலம் தொடங்கிவிட்டது. ஓட்டுநரைக் காக்கச் சட்டம் வந்தது. மெக்கானிக்கைக் காக்க இருப்பது முறை ஒன்றுதான்.

கழற்றும் முறை: ஒவ்வொன்றும் ஏன்?

முறைகள் காருக்குக் கார் சிறிது மாறும். அந்தக் காரின் சர்வீஸ் கையேட்டில் உள்ளதே இறுதியானது. ஆனால் அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்று.

1. முன்சக்கரங்களை நேராக வைத்து, சாவியை அணைத்து வெளியே எடுக்க வேண்டும். பிறகு பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி, தானாக வந்து தொடாதபடி ஒதுக்கி வைக்க வேண்டும்.

2. அடுத்தது காத்திருப்பது. பலர் தவறு செய்வது இங்கேதான். பேட்டரியைக் கழற்றினால் மின்சாரம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். விபத்தில் பேட்டரியே உடைந்து போனாலும் ஏர்பேக் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக, கணினிப் பெட்டிக்குள் கெபாசிட்டரில் மின்சாரம் சேமித்து வைத்திருக்கிறார்கள். அது வடிய நேரம் வேண்டும். சில கார்களுக்கு ஒன்றரை நிமிடம், சிலவற்றுக்கு மூன்று நிமிடம், இன்னும் சிலவற்றுக்குப் பத்து நிமிடம் அல்லது அதற்கு மேல். கையேடு சொல்லும் நேரம் வரை கை வைக்கக் கூடாது. ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்!

3. வேலையைத் தொடங்கும் முன் காரின் வெறும் இரும்புப் பகுதியைத் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்துள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

4. ஏர்பேக் வயர்களும் கனெக்டர்களும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சளைப் பார்த்தால் டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர் இரண்டையும் தள்ளி வைக்க வேண்டும். மருந்தைப் பற்றவைக்கச் சிறிய மின்சாரமே போதும். சோதிக்க அனுப்பும் மின்சாரமே அதைக் கொளுத்திவிடலாம்.

5. முகத்தையும் மார்பையும் ஸ்டீயரிங்குக்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில் இருந்து, பின்புறமுள்ள போல்ட்டுகளையோ கிளிப்புகளையோ விடுவிக்க வேண்டும். ஏர்பேக் பகுதியை மெதுவாகத் தூக்கி, கனெக்டரின் பூட்டைத் திறந்து பிரிக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

6. கழற்றிய ஏர்பேக்கை எடுத்துச் செல்லும்போது அலங்கார மூடியின் பக்கம் உடம்புக்கு எதிர்த்திசையில் இருக்க வேண்டும். மேஜையில் வைக்கும்போது அந்த மூடி மேலே பார்க்க வேண்டும். அதன்மேல் எதையும் வைக்கக் கூடாது. மேலே பார்த்து வைத்தால் வெடித்தாலும் பை காற்றில் விரிந்து அடங்கும். கவிழ்த்து வைத்தால் அந்த வேகம் மேஜையை உதைத்து, உலோகப் பாகம் ராக்கெட் போலக் கிளம்பும். அது யார்மேல் படும் என்று சொல்ல முடியாது.

7. இனி பழைய நண்பரான நட்டு. தண்டிலும் வளையத்திலும் ஒரே நேர்க்கோட்டில் அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும். நட்டைத் தளர்த்தி, சில மறைகள் மீதம் இருக்கும்படி விட வேண்டும். இல்லையென்றால் இறுகிய வளையம் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிக்கும். இந்த ஒரு பாடம் அம்பாசிடர் மேஸ்திரிகளே சொல்லிக் கொடுத்தது. வராவிட்டால் புல்லர் போட வேண்டும். சுத்தியல் கூடாது.

8. வளையத்துக்கு அடியில் கிளாக் ஸ்பிரிங் என்ற வட்டமான பாகம் இருக்கும். அதற்குள் சுருட்டிய நாடா போன்ற வயர்தான் திரும்பும் ஸ்டீயரிங்குக்கு மின்சாரம் கொண்டு போகிறது. அதைச் சுற்றாமல் டேப் போட்டு ஒட்டி வைக்க வேண்டும். நடுநிலை மாறிப் பொருத்தினால் ஒருநாள் முழுதாகத் திருப்பும்போது நாடா அறுந்துவிடும். பிறகு விபத்து நடந்தாலும் ஏர்பேக் விரியாது.

9. திரும்பப் பொருத்தும்போது கையேடு சொன்னால் புது நட்டு போட்டு, டார்க் ரிஞ்சால் சொன்ன அளவுக்கு முடுக்க வேண்டும். பேட்டரியை இணைக்கும்போது காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. பிறகு சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் வேலை முடியவில்லை என்று பொருள். அந்த விளக்கின் வயரைப் பிடுங்கிவிட்டு வண்டியை அனுப்புவது, அதை ஓட்டப் போகும் குடும்பத்துக்குச் செய்யும் துரோகம்.

டகாடா கற்பித்த பாடம்

சரியாக வடிவமைத்தால் மருந்து பல ஆண்டுகள் அமைதியாக இருக்கும். தவறினால் என்ன ஆகும் என்பதை ஜப்பானின் டகாடா நிறுவனம் உலகுக்குக் காட்டியது. அந்நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட்டை எரிமருந்தாகப் பயன்படுத்தியது. ஈரப்பதமும் வெப்பமும் மாறி மாறிப் படும் இடங்களில் பல ஆண்டுகள் கழித்து அந்த மருந்து கெட்டு, அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்தது. உலோக உறையே சிதறித் துண்டுகள் காருக்குள் பாய்ந்தன. அமெரிக்காவில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தியாவிலும் ஹோண்டா உள்ளிட்ட நிறுவனங்கள் கார்களை அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுத்தன. 2017ல் டகாடா திவாலானது.

இதில் ஒரு மரணம் ஒவ்வொரு பட்டறையும் அறிய வேண்டியது. 2016ல் ஃபுளோரிடாவில் ஒருவர் 2001 ஆம் ஆண்டு ஹோண்டா அக்கார்ட் காரின் உட்பகுதியில் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். விபத்து எதுவும் நடக்கவில்லை. கார் நின்றுகொண்டிருந்தது. ஆனால் சாவி ஆன் நிலையில் இருந்தது, அவர் கையில் சுத்தியல் இருந்தது. ஏர்பேக் வெடித்து உறை சிதறியது. அவர் இறந்துவிட்டார். மருந்து கெட்டுப்போனது அவர் தவறல்ல. ஆனால் சாவியை அணைத்துப் பேட்டரியைக் கழற்றியிருந்தால் அந்த மருந்துக்குத் தீ கிடைத்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. வெடிக்காத ஏர்பேக்கைக் காயலான் கடையில் எடைக்குப் போடக் கூடாது. அங்கே இரும்பை வெட்டுபவருக்கு அது என்னவென்று தெரியாது. கேஸ் கட்டரின் வெப்பம் பட்டால் போதும். அதே போல, வேறு காரிலிருந்து கழற்றிய பழைய ஏர்பேக்கை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் பொருத்துவதும் தவறு.

கிடங்குக் காவலர்

பழைய கோட்டைகளில் வெடிமருந்துக் கிடங்குகளுக்குத் தனி ஒழுங்கு இருந்தது. உள்ளே விளக்கு கொண்டு போகக் கூடாது. தீப்பொறி எழுப்பும் இரும்புக் கருவி ஆகாது, செம்பும் மரமும்தான். அங்கே வேலை செய்தவர்கள் மருந்தைக் கண்டு பயந்து ஓடவில்லை. அதே சமயம், தினமும் பார்க்கிற பொருள்தானே என்று அலட்சியமாகவும் இருக்கவில்லை. தீயையும் மருந்தையும் சந்திக்க விடாமல் பார்த்துக்கொள்வதே அவர்கள் தொழில்.

இன்றைய மெக்கானிக்கும் அப்படி ஒரு கிடங்குக் காவலர்தான். அவரிடம் வரும் ஒவ்வொரு ஸ்டீயரிங்கிலும் ஒரு சின்னக் கிடங்கு இருக்கிறது. அவர் கற்க வேண்டியது பெரிய விஞ்ஞானம் அல்ல. மைனஸைக் கழற்று, காத்திரு, முகத்தை விலக்கு, மூடியை மேலே பார்த்து வை. இந்த நான்கையும் ஒரு மேஸ்திரி சொல்லிக் கொடுத்தால் அவரிடம் பழகும் பத்துப் பையன்களுக்கும் அது கைப்பழக்கமாகிவிடும். சுத்தியல் பழகியது போலவே இதுவும் பழகும்.

செஞ்சிக் கோட்டையை எட்டு ஆண்டு முற்றுகைக்குப் பிறகும் ஒருவர் பிடித்தார், ஒரே இரவிலும் ஒருவர் பிடித்தார். பட்டறையில் காத்திருக்க வேண்டியது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களில் காப்பாற்றப்படுவது ஒரு பையனின் கண்கள்.